வாங்கிய கையும் கொடுத்த கையும்: பண்டித ரமாபாயின் வாழ்வில் பரிவு என்னும் சமயச் செயல்

வகுப்பு முடிந்த பின் ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “பஞ்ச காலத்தில் கிறித்தவ நிறுவனங்கள் அநாதைக் குழந்தைகளுக்குச் சோறு போட்டன. அதைக் கருணை என்று எழுதுவதா, மதமாற்றத்தின் கருவி என்று எழுதுவதா?” அப்போது நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனைச் சற்று விரிவாக எண்ணிப் பார்க்கும் முயற்சியே இப்பதிவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் கிறித்தவ அறப்பணிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இரண்டு போக்குகள் ஓங்கி நிற்கின்றன. ஒன்று புனிதர் வரலாறு. அதில் தொண்டு செய்தவர் குறையே இல்லாதவர். அவருடைய அன்பு கேள்விக்கு அப்பாற்பட்டது. மற்றொன்று ஐயத்தின் வரலாறு. அதில் ஒவ்வொரு கைப்பிடி அரிசிக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ‘சோற்றுக் கிறித்தவர்’ என்னும் ஏளனச் சொல் இப்பார்வையின் சுருக்கம். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினாலும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டும் கொடுப்பவரின் உள்ளத்தை மட்டுமே ஆராய்கின்றன. வாங்கியவர் யார், வாங்கிய பின் அவர் என்ன ஆனார் என்னும் கேள்வி இரண்டிலும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

இந்தக் குறையைச் சரிசெய்ய உதவும் அரிய சான்று பண்டித ரமாபாய் (1858–1922). பசியோடு பிறர் வாசலில் நின்றவரும் அவரே. பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு உணவும் உறைவிடமும் தந்தவரும் அவரே. தன்னலமற்ற பரிவு ஒரு சமய நம்பிக்கையின் வெளிப்பாடாக எவ்வாறு அமைகிறது என்பதை, வாங்குபவரின் இடத்திலிருந்தும் கொடுப்பவரின் இடத்திலிருந்தும் அவர் எழுதிச் சென்றிருக்கிறார்.

1. ஒரு துண்டுக் கம்பு ரொட்டி

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சித்பாவன பிராமணர், சமஸ்கிருதப் பண்டிதர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்ற எதிர்ப்பை மீறித் தம் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்பித்தார். லட்சுமிபாய் தம் மகளுக்குக் கற்பித்தார். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்து கிளம்பிய அக்குடும்பம், திருத்தலங்கள்தோறும் புராணம் வாசித்து அதில் கிடைக்கும் காணிக்கையைக் கொண்டு வாழ்ந்தது.

1870களில் தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம் அவ்வாழ்வைக் குலைத்தது. சென்னை மாகாணத்தில் அலைந்துகொண்டிருந்த குடும்பத்திடம் கையிருப்பு தீர்ந்தது. உடலுழைப்பு அவர்களுக்குப் பழக்கமில்லை. பிச்சை எடுக்கக் குலப்பெருமை இடந்தரவில்லை. இலைகளை உண்டு காட்டில் நாள்களைக் கழித்ததைப் பின்னாளில் ரமாபாய் எழுதியிருக்கிறார். 1874இல் தந்தை இறந்தார். சில வாரங்களில் தாயும் மறைந்தார். பின்னர்த் தமக்கையும் போனார்.

தாயின் இறுதி நாள்களைப் பற்றி ரமாபாய் எழுதிய ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவுகூர வேண்டும். பசியால் துவண்டு கிடந்த தாய்க்காக அவர் அண்டை வீட்டுக்குச் சென்று ஒரு துண்டுக் கம்பு ரொட்டி கேட்டார். அவ்வீட்டுப் பெண் பரிவோடு கொடுத்தார். ஆனால் தாய்க்கு அதை உண்ணும் வலு இருக்கவில்லை.

ரமாபாயின் வாழ்க்கையைக் கிறித்தவப் பரிவின் கதையாக மட்டும் சொல்பவர்கள் இந்த அண்டை வீட்டுப் பெண்ணை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் வரலாற்றில் இல்லை. அவர் கிறித்தவரும் அல்லர். பரிவு எந்த ஒரு சமயத்தின் தனியுடைமையும் அன்று என்பதற்கு ரமாபாயின் எழுத்திலேயே இருக்கும் சான்று அவர். அப்படியானால் கிறித்தவத்தில் ரமாபாய் புதிதாகக் கண்டது என்ன?

2. ஃபுல்ஹமில் கண்டது

தமையன் சீனிவாசனோடு ஆயிரக்கணக்கான மைல் நடந்து, 1878இல் ரமாபாய் கல்கத்தா சென்றடைந்தார். அவருடைய சமஸ்கிருதப் புலமையைக் கண்டு வியந்த அந்நகரத்து அறிஞர்கள் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை வழங்கினர். 1880இல் தமையன் இறந்தார். அதே ஆண்டில் வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் விபின் பிகாரி தாஸ் மேதாவியை ரமாபாய் மணந்தார். 1882இல் கணவரும் இறந்தார். கையில் மனோரமா என்னும் குழந்தை. வயது இருபத்து மூன்று. இப்போது அவர் கைம்பெண். புணேக்குத் திரும்பி ‘ஆரிய மகிளா சமாஜ்’ என்னும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். ஹண்டர் கல்விக் குழுவின் முன் பெண் மருத்துவர்களின் தேவையை வலியுறுத்திச் சாட்சியம் அளித்தார். தாமே மருத்துவம் கற்கும் நோக்கோடு 1883இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைவால் அந்த நோக்கம் கைகூடவில்லை.

இங்கிலாந்தில் அவருக்கு வாண்டேஜ் நகரத்து ஆங்கிலிக்கன் கன்னியர் சபை இடமளித்தது. அதற்கு ஈடாக, இந்தியாவுக்குப் புறப்படவிருந்த கன்னியருக்கு அவர் மராத்தி கற்பித்தார். இலவசமாகத் தங்க அவர் உடன்படவில்லை என்பது பின்னால் நமக்குப் பயன்படும்.

அச்சபையினர் இலண்டனில் ஃபுல்ஹம் பகுதியில் நடத்திய மீட்பில்லம் ஒன்றுக்கு அவர் அழைத்துச் செல்லப்பட்டார். ‘வழிதவறியவர்கள்’ என்று அக்காலச் சமூகம் ஒதுக்கிய பெண்களுக்கான இல்லம் அது. முன்பு அங்கே அடைக்கலம் பெற்ற பெண்கள் சிலரை அவர் சந்தித்தார். அவர்கள் இப்போது நோயுற்றோருக்கும் நலிந்தோருக்கும் பணிவிடை செய்வதையே தம் வாழ்வாகக் கொண்டிருந்தனர். ரமாபாயின் உள்ளத்தை அசைத்தது இக்காட்சி. தாம் கற்ற சாத்திரங்கள் இத்தகைய பெண்களுக்குத் தண்டனையை விதித்திருந்தனவேயன்றி மீட்சியைப் பேசவில்லை என்று 1907இல் வெளியிட்ட தம் சாட்சிநூலில் அவர் எழுதுகிறார்.

இப்பெண்கள்மீது அக்கறை கொள்ளக் கிறித்தவர்களைத் தூண்டுவது எது என்று அவர் தமக்குக் கற்பித்த கன்னியரிடம் கேட்டார். விடையாக அக்கன்னியர் யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார்: கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணைச் சந்திக்கும் நிகழ்ச்சி.

இந்திய வாசகர் இந்த நிகழ்ச்சியைத் தனித்த கவனத்தோடு படிக்க வேண்டும் என்பது என் கருத்து. யூதர் சமாரியரோடு புழங்குவதில்லை. அப்பெண்ணோ பல மணங்களைக் கடந்து வந்தவர். அவரிடம் இயேசு முதலில் உபதேசம் செய்யவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். யார் கையில் தண்ணீர் வாங்கலாம், யார் கையில் வாங்கலாகாது என்பதைக் கொண்டே மனிதர் தரம் பிரிக்கப்பட்ட ஒரு நாட்டிலிருந்து சென்ற பெண்ணுக்கு இதன் பொருள் தெளிவாகவே விளங்கியிருக்கும். கொடுக்க வந்தவர் முதலில் கேட்பவராக நிற்கிறார். விலக்கப்பட்டவர் முதலில் கொடுப்பவராக மதிக்கப்படுகிறார். கதையின் முடிவில் அப்பெண்ணே தம் ஊராருக்குச் செய்தி கொண்டு செல்கிறார்.

ஃபுல்ஹமில் ரமாபாய் கண்டதும் இதைத்தான். தீர்ப்புக்கு ஆளானவருக்குப் பரிவு காட்டுவது ஒரு படி. பரிவைப் பெற்றவரைப் பரிவு காட்டுபவராக எழுந்து நிற்கச் செய்வது அதற்கு அடுத்த படி. 1883 செப்டம்பர் 29 அன்று அவரும் மனோரமாவும் வாண்டேஜில் திருமுழுக்குப் பெற்றனர்.

3. நன்றியும் பணிவும் ஒன்றல்ல

திருமுழுக்குக்குப் பின் ரமாபாய்க்கும் திருச்சபையினருக்கும் இடையே எழுந்த கடிதப் போர் ஆய்வாளர் பலரும் அறிந்ததே. அதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. அவர் அணிய வேண்டிய சிலுவையில் இலத்தீன் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. தமக்கும் தம் மக்களுக்கும் விளங்காத இலத்தீன் ஏன், சமஸ்கிருதம் ஆகாதா என்று வினவினார். மும்மைக் கடவுள் கோட்பாட்டைத் தம் அறிவுக்கு விளங்கும்வரை ஏற்க மறுத்தார். செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் இருந்தபோது அவர் ஆண் மாணவருக்குக் கற்பிப்பது இந்தியாவில் அவருடைய செல்வாக்கைக் குலைக்கும் என்று ஆயர்கள் தடை சொன்னார்கள். இந்தியாவில் ஆண்கள் நிறைந்த அவைகளில் சொற்பொழிவாற்றிய தமக்கு அது அவமதிப்பு என்று எதிர்த்தார்.

அவரைப் பேணிய கன்னியர் ஜெரல்டினுக்கு இது நன்றிகெட்ட செயலாகத் தோன்றியது. ரமாபாயோ அவரைக் கடைசிவரை ஆன்மிகத் தாயாகவே மதித்தார். ஆனால் தம் மனச்சான்றை அவரிடம் ஒப்படைக்கவில்லை. பரிவின் வரலாற்றில் இந்தச் சர்ச்சை நுட்பமானதோர் இடம் வகிக்கிறது. பெற்றவரிடமிருந்து பணிவை எதிர்பார்க்கும் கணத்தில் பரிவு கடனாகிவிடுகிறது. தன்னலமற்றது என்ற சொல் பொருளோடு நிற்க வேண்டுமானால், பெற்றவர் கொடுத்தவரோடு முரண்படும் உரிமையையும் அது ஏற்க வேண்டும். அந்த உரிமையை ரமாபாய் தாமே எடுத்துக்கொண்டார்.

தாய்நாட்டில் அவருடைய மதமாற்றம் பெரும் கண்டனத்துக்குள்ளானது. அவருக்காகப் பேசிய சிலருள் ஜோதிராவ் புலே முதன்மையானவர். 1885இல் வெளியிட்ட ‘சத்சார்’ இதழ்களில் ரமாபாயின் முடிவை அவர் ஆதரித்து எழுதினார்.

4. திறந்திருந்த கதவு

1886இல் ஆனந்திபாய் ஜோஷியின் மருத்துவப் பட்டமளிப்பு விழாவுக்காக அமெரிக்கா சென்ற ரமாபாய், அங்கே நிதி திரட்டி, 1889 மார்ச்சில் பம்பாயில் ‘சாரதா சதன்’ என்னும் கைம்பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புணேக்கு மாறியது. உயர்சாதிக் கைம்பெண்கள் தத்தம் சாதி ஆசாரங்களைக் கைக்கொள்ள அங்கே தடையில்லை. சமய போதனை கிடையாது என்பது அறிவிக்கப்பட்ட கொள்கை. ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் ஆலோசனைக் குழுவில் இருந்தனர்.

ரமாபாய் தம் அறையில் மகளோடு அன்றாடம் செபிப்பது வழக்கம். கதவு திறந்திருக்கும். சில மாணவியர் தாமாகவே வந்து அமர்ந்தனர். செய்தி பரவியது. திலகரின் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கியது. 1893இல் ஆலோசனைக் குழுவினர் விலகினர். பெற்றோரும் காப்பாளரும் மாணவியரைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். கதவை மூடிக்கொண்டிருந்தால் சிக்கல் ஒருவேளை தணிந்திருக்கும். ரமாபாய் மூடவில்லை.

இந்நிகழ்ச்சியில் இரு தரப்பு நியாயங்களையும் வரலாற்று மாணவர் காண வேண்டும். சமயச் சார்பின்மையை நம்பிப் பெண்களை அனுப்பிய குடும்பங்களின் அச்சம் பொய்யன்று. தம் சொந்த அறையில் தம் சமயத்தை ஒளித்து வைக்க மாட்டேன் என்ற ரமாபாயின் நிலைப்பாடும் புறந்தள்ளத்தக்கதன்று. அவருடைய பரிவும் அவருடைய நம்பிக்கையும் தனித்தனிப் பெட்டிகளில் இருக்கவில்லை. அதற்காக அவர் கொடுத்த விலையும் பெரிது: பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த ஆதரவாளர்களையும் நற்பெயரையும் ஒரே ஆண்டில் இழந்தார்.

மறுபுறம், சாரதா சதனின் முதல் கைம்பெண் மாணவியான கோதுபாய் கிறித்தவராகவில்லை. 1893இல் தோண்டோ கேசவ் கர்வேயை மறுமணம் செய்து ஆனந்திபாய் கர்வே ஆனார். கர்வே 1896இல் கைம்பெண்களுக்கான இல்லத்தையும் 1916இல் பெண்களுக்கான பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். சாரதா சதனில் பற்றவைத்த விளக்கு சமய எல்லையைக் கடந்தும் எரிந்தது.

5. பஞ்சமும் முக்தியும்

1896–97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் மூண்டது. நிவாரண முகாம்களிலும் ஏழையர் விடுதிகளிலும் ஆதரவற்ற சிறுமியர் தீயோர் கையில் சிக்குவதை ரமாபாய் நேரில் கண்டார். தம் இளமைப் பசியின் நினைவே தம்மை அங்கே இழுத்தது என்று எழுதினார். இதுவரை உயர்சாதிக் கைம்பெண்களுக்கே இடமளித்த அவர், இப்போது எச்சாதியினர் என்று பாராமல் சிறுமியரை அழைத்து வந்தார். முந்நூறு பேரளவில் அவர் மீட்டதாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. ‘உயர்சாதி இந்துப் பெண்’ என்று 1887இல் தம் நூலுக்குப் பெயரிட்டவரின் பரிவு பத்தாண்டுகளில் அடைந்த விரிவு இது.

அப்போது புணேயில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நகருக்குள் இத்தனை பேரைத் தங்கவைக்க இயலவில்லை. புணேயிலிருந்து தௌண்ட் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள கேட்காவ் என்னும் சிற்றூரில், பழத்தோட்டம் அமைக்க அவர் முன்னரே வாங்கியிருந்த நூறு ஏக்கர் நிலம் கைகொடுத்தது. அங்கேதான் ‘முக்தி’ உருவாயிற்று. சமஸ்கிருத மரபில் விடுதலையைக் குறிக்கும் சொல்லையே கிறித்தவ இல்லத்துக்குப் பெயராக அவர் வைத்தார்.

அதே 1897இல் புணேயின் கொள்ளைநோய் மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துப் பம்பாய்ச் செய்தித்தாளுக்கு அவர் கடிதம் எழுதினார். ஆளுநர் அதை மறுத்தார். ஆங்கிலேயத் திருச்சபையோடு முரண்பட்டவர் ஆங்கிலேய அரசையும் விட்டுவைக்கவில்லை. ஏகாதிபத்தியத்தின் கைப்பாவை என்று அவரை எளிதில் முத்திரை குத்துவோர் இக்கடிதத்துக்கு விளக்கம் தர வேண்டும்.

1899–1900இல் குஜராத்திலும் பஞ்சம் பரவியபோது முக்தியின் தொகை 1,500ஐக் கடந்தது. ‘வழிதவறியவர்’ என்று தள்ளப்பட்டவர்களுக்காகக் ‘கிருபா சதன்’ தனியே எழுந்தது. அதில் ஃபுல்ஹமின் நினைவைக் காணலாம். பார்வையற்றோருக்கு மனோரமா பிரெய்ல் முறையில் கற்பித்தார். நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், பால் பண்ணை, வேளாண்மை, அச்சுக்கூடம் எனப் பல தொழில்கள் நடந்தன. அச்சுக் கோப்பதிலிருந்து நூல் கட்டுவது வரை பெண்களே செய்தனர். முந்திய பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக வந்தவர்கள் அடுத்த பஞ்சத்தில் வந்தவர்களைப் பேணும் செவிலியராகவும் ஆசிரியராகவும் நின்றனர். ஆதரவு பெற்றவர் ஆதரவு தருபவராவது என்னும் ஃபுல்ஹம் பாடம் இங்கே ஒரு நிறுவனத்தின் இயங்குமுறையாகவே ஆகிவிட்டது.

இறுதிக் காலத்தில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியம் முழுவதையும் மராத்தியில் பெயர்த்தார். பண்டிதர் மொழியை விலக்கி எளிய பெண்களுக்கு விளங்கும் மராத்தியை நாடினார். சமஸ்கிருதப் பட்டம் பெற்ற ஒருவர் இதைச் செய்தார் என்பது எண்ணத்தக்கது. 1921இல் மனோரமா மறைந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாயும் மறைந்தார்.

6. எஞ்சும் கேள்வி

இவ்வளவு சொன்ன பின்னும் மாணவரின் கேள்வி முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. முக்திக்கு வந்த சிறுமியருள் பெருந்தொகையினர் திருமுழுக்குப் பெற்றனர். பசியிலிருந்து மீட்ட கையே சமயத்தையும் நீட்டும்போது, ஒரு சிறுமி அதை மறுக்க இயலுமா? ரமாபாய்க்கு இங்கிலாந்தில் தம் சொந்தப் புலமையும், கற்பித்துப் பெற்ற உறைவிடமும், எதிர்வாதம் செய்யும் ஆற்றலும் இருந்தன. பத்து வயதுச் சிறுமியிடம் இவை எதுவும் இல்லை. முக்தியைப் பற்றி எஞ்சியுள்ள அறிக்கைகளில் பல, நன்கொடையாளரை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. அவற்றில் சிறுமியரின் குரல் வடிகட்டப்பட்டே வருகிறது. ரமாபாயைப் போற்றுவோரும் இதை மறைக்கக் கூடாது.

ஆனால் இதே அளவுகோலை மற்றப் பக்கத்துக்கும் பொருத்த வேண்டும். அச்சிறுமியருக்கு அன்று இருந்த மாற்று வழிகள் எவை? மயிர் மழிக்கப்பட்ட கைம்மை, முகாமில் காத்திருந்த வேட்டையாடிகள், அல்லது சாவு. அவற்றுள் எதையும் அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்ததில்லை. மதமாற்றத்தில் விருப்புரிமையைத் தேடும் நாம், மதம் மாறாத வாழ்வில் அந்த உரிமை எத்தனை பேருக்கு இருந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

எனவே மாணவருக்கு நான் இப்போது சொல்ல விரும்பும் விடை இது. கொடுத்தவரின் உள்நோக்கம் தூயதா என்பது பெரும்பாலும் ஆவணங்களால் தீர்க்க முடியாத கேள்வி. ஆவணங்களைக் கொண்டு நாம் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று உண்டு. அப்பரிவு, வேறு யாரும் ஏற்காதவரைச் சென்றடைந்ததா? அதற்காகக் கொடுத்தவர் எதை இழந்தார்? பெற்றவர் என்றும் பெறுபவராகவே வைக்கப்பட்டாரா, கொடுப்பவராக எழுந்தாரா? முதலிரண்டு கேள்விகளுக்கும் ரமாபாயின் வாழ்வு ஐயத்துக்கிடமில்லாத விடை தருகிறது. மூன்றாவது கேள்விக்கு முக்தியின் அச்சுக்கூடமும் செவிலியரும் பெரிதும் ஆம் என்கின்றனர். சிறுமியரின் மௌனமோ நம்மை இன்னும் தேடச் சொல்கிறது.

இந்திய அரசு 1989இல் ரமாபாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. நூல்களும் ஆய்வேடுகளும் பல வந்துவிட்டன. கம்பு ரொட்டி கொடுத்த அண்டை வீட்டுப் பெண்ணுக்கு அத்தகைய நினைவுச் சின்னம் எதுவும் இல்லை. தம் தாய் உண்ண இயலாமற்போன அந்த ரொட்டியை ரமாபாய் மறக்கவில்லை என்பதால் மட்டுமே அவரை நாம் அறிகிறோம். ரமாபாயின் கிறித்தவத்தை எழுத முற்படும் மாணவர்கள் அப்பெண்ணிடமிருந்து தொடங்கினால் நல்லது என்று தோன்றுகிறது.